தலைமகனுக்கு மட்டும் பாடும் வழி

ஒரு பாட்டுப் பாடும்மா என்றுதான் நான் கேட்டேன். பெற்ற தாயிடம் மகள் கேட்கக் கூடாத அளவுக்கு அது பெரிய விஷயமில்லை என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் எங்கள் லயத்தில், காம்பரா காம்பராவாக ஒட்டிக் கட்டிய தோட்டத்து வரிசை வீடுகளில், அந்தப் பாட்டைக் கேட்டு வாங்கக் கூடாது. சாவு விழுந்தால் அது தானாக வரும். சாவு விழாத வீட்டில் அதைக் கேட்கிறவள் ஒரு சாவையே கேட்கிறாள் என்பது அங்குள்ள பெண்களின் எண்ணம். பக்கத்துக் காம்பராவில் சோறு கேட்காதே என்று சொன்ன அதே குரலில் இதையும் எனக்குச் சொல்லித்தான் வளர்த்தார்கள்.

நான் கேட்டபோது அம்மா கொழுந்துக் கூடையின் கயிற்றை முடிந்துகொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. பதில் சொன்னது பக்கத்துக் காம்பரா ரத்தினம்மா அக்கா.

"என்னா புள்ள கேட்ட? வழிப்பாட்டா? அதுக்கு எவன் சாவணும்னு நீயே சொல்லிரு. கங்காணிகிட்ட சொல்லி ஏற்பாடு பண்ணுவோம்."

அம்மா சிரிக்கவில்லை. "பி.ஏ. படிச்சா வாய்க்கு ஒரு கதவு வேணாமா, எசோதா," என்று மட்டும் சொன்னாள்.

என் பெயர் யசோதா. மடுல்கெல்லையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பாப்பம்மாவின் மகள். எங்கள் தோட்டத்தில் பட்டம் வாங்கிய முதல் பெண் என்று என்னைச் சொல்வார்கள். அது பிழை. முதல் ஆளே நான்தான். கன்னியாஸ்திரிகள் என்னைக் கண்டிக்குப் படிக்க அனுப்பினார்கள். மிச்சத்தை அண்ணன் காளிமுத்து பார்த்துக்கொண்டான். அப்பா போன பிறகு அவன் கேகாலைப் பக்கம் றப்பர் தோட்டத்துக்குப் பெயர்ந்ததே என் படிப்புக்காகத்தான். நன்றி கெட்டவள் என்று யாரும் என்னை நினைக்கக் கூடாது என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அண்ணன் மேல் எனக்குக் கோபம் எதுவும் இருக்கவில்லை. அவன் என்னை "பி.ஏ." என்றுதான் கூப்பிடுவான். நான் பாஸ் பண்ணுவதற்கு முன்பே அப்படிக் கூப்பிடத் தொடங்கியிருந்தான்.

பட்டத்துக்குப் பிறகு எங்கள் கல்லூரியில் ஒரு கூட்டு வகுப்பு ஆரம்பித்தார்கள். சரித்திரம், இலக்கியம், சங்கீதம், சமயம் என்று தனித்தனி அறைகளில் படித்ததையெல்லாம் ஒரே மேசையில் வைத்துப் படிப்பது. வகுப்பை நடத்தியவர் வீரசிங்கம் சேர், யாழ்ப்பாணத்தவர், மெதுவாகப் பேசுகிறவர். ஆளுக்கொரு பொருளை எடுத்து, அதை நாலு பக்கமும் சுற்றி வந்து பார்த்துக் கட்டுரை எழுத வேண்டும் என்பார். கெலிஓயாவிலிருந்து வந்த நளீர் தன் ஊர்ப் பள்ளிவாசலை எடுத்தான். நான் எங்கள் சனத்தை எடுத்தேன், இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்து தோட்டங்களுக்கு நடந்த கூலிகளை.

அன்றைக்கு வகுப்பில் சரித்திர விரிவுரையாளரும் இருந்தார். அவர் சொன்னார்: "உங்கட ஆக்களுக்கு எண்ணிக்கை இருக்குது பிள்ளை, சரித்திரம் இல்லை. கப்பல் ஏறினது ஒரு தாள், தோட்டத்திலை பேர் பதிஞ்சது ஒரு தாள். நடுவிலை என்ன இருக்கு?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அதன் பிறகு அன்று முழுவதும் என்னால் கதிரையில் உட்கார முடியவில்லை. கண்டிக் குளத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். நடுவில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் காட்டு வழியில் கிடத்திவிட்டு வந்த பிணங்கள் இருக்கின்றன. எங்கள் லயத்துப் பெண்களிடம் அவை வரிசையாக இருந்தன, ஒரு பாட்டில்.

அந்தப் பாட்டைத்தான் வழிப்பாட்டு என்போம். முன்னோர்கள் எந்த வழியாக நடந்து வந்தார்களோ அதே வழியைத் திருப்பிச் சொல்லி, செத்தவனை ஊருக்கு அனுப்பி வைப்பது. எந்த மரத்தடியில் யார் விழுந்தார், எந்த ஆற்றில் யாருடைய பிள்ளை போயிற்று என்று தாய் ஒவ்வொரு இடமாகச் சொல்வாள். மற்றச் சாவுகளுக்கு நாலைந்து இடத்தோடு நிறுத்திவிடுவார்கள். தலைமகன் செத்தால்தான் கடல் வரைக்கும், கடலுக்கு அந்தப் பக்கம் பிறந்த ஊர் வரைக்கும் பாடுவார்கள். முழு வழியும் தெரிந்தவள் எங்கள் தோட்டத்தில் என் அம்மா ஒருத்திதான் மிஞ்சியிருந்தாள்.

"அப்போ எனக்காகப் பாடு," என்றேன் அம்மாவிடம். "நான் செத்தா பாடுற மாதிரி நெனச்சுப் பாடு."

அதற்குத்தான் அவள் சிரித்தாள். "பொட்டப்புள்ளைக்கு ஏதுடி வழி? கட்டிக் குடுத்த வீட்டோட முடிஞ்சுது."

அந்தச் சிரிப்பை நான் குறையாகச் சொல்லவில்லை. அவளுக்கும் யாரும் பாடப் போவதில்லை. அந்த வழியைத் தலைக்குள் சுமந்துகொண்டிருப்பவள் அவள். அதில் போவதற்கு மட்டும் ஆண்பிள்ளைகள். இதையும் கட்டுரையில் எழுதியிருக்கிறேன். நல்ல பகுதி என்று வீரசிங்கம் சேரே சொன்னார். முழுப் பாட்டும் கையில் கிடைத்தால் இதற்கு மேல் யாரும் வாய் திறக்க முடியாது என்றும் அவர்தான் சொன்னார். தை மாதம் லண்டனிலிருந்து ஒரு பேராசிரியர் வருவதாக இருந்தது. கட்டுரைகளைக் கேட்டு, ஒருவரை அங்கே படிக்கக் கூட்டிப்போவார்.

அந்த வருஷக் கடைசியில் கேகாலைப் பக்கமெல்லாம் காய்ச்சல். மலேரியா. ஆட்கள் செத்து விழுந்த வேகத்தில் அங்கங்கேயே புதைத்தார்கள் என்று கண்டியில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். பெயர் மாறிச் செய்தி வருவது சாதாரணமாக இருந்தது. ஹுன்னஸ்கிரியவில் ஒரு வீட்டில் அழுது முடித்த பிறகு ஆள் நடந்து வந்தானாம். ஊரே சிரித்ததாம்.

அதைக் கேட்டபோதுதான் எனக்கு யோசனை வந்தது. நான் அவசரப்பட்டுச் செய்யவில்லை. ஒரு வாரம் எல்லாப் பக்கமிருந்தும் பார்த்தேன், வகுப்பில் பழக்கியது போலவே. அம்மா கொஞ்ச நாள் அழுவாள். பிறகு நான் போய், பெயர் மாறிவிட்டது, அண்ணன் நலமாக இருக்கிறான் என்பேன். அழுததை விடப் பெரிதாகச் சந்தோஷப்படுவாள். யாருக்கும் நட்டம் இல்லை.

கல்லூரியில் துக்கம் என்று லீவு எடுத்தேன். பஸ்ஸில் போய் இறங்கி, லயத்து வாசலில் நின்று சொன்னேன்: "அண்ணன் போயிட்டாம்மா. காய்ச்சலாம். அங்கயே பொதச்சிட்டாங்களாம்."

அம்மா பாடினாள்.

பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டு, அவள் சொல்லும் அடியைத் திருப்பிச் சொல்வார்கள். நான் அவளை ஒட்டி உட்கார்ந்து ஒவ்வொரு அடியையும் வாங்கிச் சொன்னேன். நான் அழுதேன். அழாமல் சொன்னால் அடிகள் வாய்க்குள் தங்காது. மாத்தளை வந்தபோது அவள் இப்படிப் பாடினாள்:

*மாத்தளைப் பாலத்துக்கு மேக்கால மருதமரம்,*
*மகனே, ஒங்க பூட்டி அங்கே புள்ளையோட படுத்திருக்கா,*
*தண்ணி கேட்டுக் கண்ண மூடுனா,*
*ஒரு கை தண்ணி ஊத்திட்டு ஓரமாப் போ சாமி.*

தம்புள்ளை, மதவாச்சி, மடுக்காடு, மன்னார்க் கரை. எல்லா இடத்திலும் ஒருவர் படுத்திருந்தார், எல்லாருக்கும் ஒரு கை தண்ணீர். நடுவில் என்ன இருக்கு என்று கேட்டவரை அங்கே கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டும் என்று எனக்கு அடித்துக்கொண்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய ஒன்றை நான் கேட்டதில்லை.

பாட்டின் கடைசி அடிகளை நான் எதிர்பார்க்கவில்லை. ஊர் எல்லை வரைக்கும் கொண்டுபோய் விட்ட பிறகு தாய் சொல்கிறாள்: இனித் திரும்பிப் பார்க்காதே. வழி மறந்து நீ வாசலுக்கு வந்தாலும் நான் கதவு திறக்க மாட்டேன். திறந்தால் நீ இங்கேயும் இல்லாமல் அங்கேயும் இல்லாமல் போவாய். கூப்பிடாதே, நானும் பதில் சொல்ல மாட்டேன்.

அதைக் கேட்ட பிறகு செய்தி தவறு என்று சொல்வது கொஞ்சம் சிக்கலாகப் பட்டது. வழி பாடி அனுப்பியவனை எப்படித் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்று எங்கள் லயத்தில் யாருக்கும் தெரியாது. அப்படி ஒன்று நடந்ததே இல்லை. ஹுன்னஸ்கிரியவில் பாடியிருக்க மாட்டார்கள், வெறுமனே அழுதிருப்பார்கள். பொய்யான சாவுக்குப் பாடிய பாட்டு என்று தெரிந்தால் கட்டுரையும் நிற்காது. பதினாறாம் நாள் கருமாதி முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டேன். இதில் பெரிய கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. எல்லாரும் செய்வதுதான்.

அண்ணன் அதற்கு முன்பே வந்துவிட்டான்.

பகல் நேரம். மழை, மூடுபனி. லயத்தில் எல்லாரும் மலைக்குப் போயிருந்தார்கள். துக்க வீடு என்பதால் அம்மாவும் நானும் மட்டும் உள்ளே இருந்தோம், கதவைச் சாத்திக்கொண்டு. வாசல் திண்ணையான இஸ்தோப்பில் யாரோ காலை உதறுகிற சத்தம் கேட்டது.

"அம்மா. நாந்தான் காளி. கதவத் தொறங்க, குளுருது."

அம்மா அடுப்படியில் இருந்தாள். எழுந்து வரவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னாம்மா, தீவாளிக்கு வரலன்னு கோவமா? காய்ச்சலுமா. நடக்க ஏலாமக் கெடந்தேன். காலேசுக்குப் போனேன், எசோதா துக்கத்துக்கு இங்க வந்திருக்குன்னு அந்த ஐயா சொன்னாரு, யாரும்மா போயிட்டா? ஏ பி.ஏ., நீயாச்சும் தொற."

அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை இன்னும் எனக்குத் தெரிகிறது. அவள் மெதுவாக, உதடு மட்டும் அசைகிற மாதிரிக் கேட்டாள்: "எசோதா, ஒனக்குக் கேக்குதா?"

இங்கே நான் கொஞ்சம் விளக்க வேண்டும். செத்தவன் குரல் தாய்க்கு மட்டும்தான் கேட்கும் என்பார்கள். வேறொருவருக்கும் கேட்டால் அது செத்தவன் குரல் இல்லை. நான் படித்த பெண், பேய்க்குப் பயப்படாதவள் என்று அவளுக்குத் தெரியும். அதனால் என்னிடம் கேட்டாள். அந்தக் கதவைத் திறப்பதா வேண்டாமா என்பதை அவள் என் காதிடம் ஒப்படைத்தாள்.

"ஒன்னும் கேக்கலம்மா," என்றேன். "மழ."

அவள் இன்னொரு தடவையும் கேட்டாள். இன்னொரு தடவையும் அதையே சொன்னேன்.

அவன் வெளியே இருமினான். "சரி, கோவம் தீந்தப்புறம் தொறங்க. நா இங்கனயே குந்தியிருக்கேன்," என்றான். கொஞ்ச நேரம் பல் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. அம்மா ஒரு செம்பில் தண்ணீர் மொண்டு வந்து கதவுக்கு உள்பக்கம் வைத்துவிட்டு, அதன் முன்னால் படுத்துவிட்டாள். பிறகு அவன், "டிஸ்பென்சரில கொயினா மருந்து வாங்கிட்டு வாரேன். சுடுதண்ணி போட்டு வைங்க," என்றான். காலடிச் சத்தம் வாசல் சாக்கடைக் கானைத் தாண்டிப் போயிற்று. மலைக்குப் போனவர்கள் திரும்பிய போது இஸ்தோப்பில் ஈரம் மட்டும் இருந்தது.

அவன் திரும்பி வரவில்லை. நான் அடுத்த நாளே கண்டிக்குக் கிளம்பிவிட்டேன். அந்த வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

இதையெல்லாம் வீரசிங்கம் சேரிடம் இன்றைக்குத்தான் சொன்னேன். அவர் கேட்டபடியால் சொன்னேன்.

இன்று பின்னேரம் மண்டபத்தில் கட்டுரைகள் வாசிப்பதாக இருந்தது. அதற்கு முன்னால் தன் அறைக்கு வரச் சொன்னார். மேசையில் என் கட்டுரை இருந்தது. "இரும் பிள்ளை," என்றார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"போன ஞாயிற்றுக்கிழமை மடுல்கெல்லைக்குப் போனனான். பாட்டிலை ரெண்டு ஊர்ப்பேர் எனக்கு விளங்கேல்லை. அம்மாவிட்டையே கேப்பம் எண்டு போனனான். தேத்தண்ணி தந்தவ." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மகன் வாசலிலை வந்து நிண்டு கூப்பிட்டவன் எண்டு சொன்னவ. நீர் கேக்கேல்லை எண்டு சொன்னீராம்."

நான் மேசையிலிருந்த கட்டுரையைப் பார்த்தேன்.

"அந்தப் பொடியன் இஞ்சை வந்தவன். கம்பளியைப் போத்திக்கொண்டு நடுங்கி நடுங்கி நிண்டவன். தங்கச்சி துக்கத்துக்கு வீட்டை போயிட்டா எண்டு நான்தான் சொல்லி விட்டனான். ஆருடைய துக்கம் எண்டு அவனும் கேட்டவன். எனக்குத் தெரியேல்லை. பிறகு உம்மைக் கேட்டன். சித்தப்பாவின்ரை மகன் எண்டு சொன்னீர்."

"ஓம், சொன்னேன்."

"நீர் பாடுவிச்ச பாட்டு, உயிரோடை இருந்தவனுக்கு."

"பாட்டு பிழையா சேர்?"

அவர் நேர்மையான மனிதர். "பாட்டு பிழையில்லை," என்றார். "பாட்டைக் கேட்டு நானே அழுதனான். அது வேறை. இப்ப அந்தப் பொடியன் எங்கை?"

அப்போதுதான் மதகைப் பற்றிச் சொன்னேன். நான் கண்டிக்குத் திரும்பிய காலை, வத்தேகமைக்குப் போகும் பாதையில் ஒரு மதகருகில் பஸ் நின்றது. அந்தச் சிங்கள ஊரின் தலைவனான ஆரச்சியும் நாலைந்து பேரும் ஒரு சாக்கைச் சுற்றி நின்றார்கள். ஆரச்சி பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்தான். சப்பாத்தும் சேலையுமாக இருந்த என்னைக் கண்டு, மரியாதையாக, உடைந்த தமிழில் கேட்டான்: "நோனா, இது தோட்டத்து ஆள் போல. நோனாவுக்குத் தெரியுமா?" சாக்கைத் தூக்கிக் காட்டினான். போர்த்தியிருந்த கம்பளியின் கிழிசலைத் தைத்தவள் நான். அந்தத் தையல் நன்றாகத் தெரிந்தது. தெரியாது என்றேன். காய்ச்சல் பிணம் என்று அங்கேயே மேட்டில் புதைத்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

வீரசிங்கம் சேர் கண்ணாடியைத் திரும்பப் போடவே இல்லை. வெறும் கண்ணோடு அவர் வேறு யாரோ போல இருந்தார்.

"தாய்க்குத் தெரியாது," என்றார்.

"தெரியாது."

"நீர் இதை வாசிக்கப்படாது. முதல் போய்த் தாயிட்டைச் சொல்லும். சொல்லிப்போட்டு வாரும். பிறகு என்னெண்டாலும் பாப்பம்."

அவர் சொன்னதை நான் யோசிக்காமல் தள்ளவில்லை. இப்போது அம்மாவின் கணக்கில் மகன் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டான். வாசலில் கூப்பிட்ட குரலுக்கும் மசியாமல் அவனை ஒழுங்காக அனுப்பி வைத்த தாய் அவள். நான் போய் உண்மையைச் சொன்னால், நடுங்கிக்கொண்டு நின்ற பிள்ளைக்குக் கதவு திறக்காதவள் ஆகிவிடுவாள். அதை அவள் தாங்க மாட்டாள். அவளை நினைத்துத்தான் சொல்லாமல் இருக்கிறேன். கதவுக்கு உள்ளே இரண்டு பேர் இருந்தோம். தாழ்ப்பாள் அவளுக்கு அருகில் இருந்தது. நான் அவள் கையைப் பிடிக்கவில்லை.

இதையும் அவரிடம் சொன்னேன். அவர் தலையைக் குனிந்து, "ஐயோ பிள்ளை," என்றார். எனக்கு அதில் பதில் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

கட்டுரையில் அவர் இன்னும் பார்க்காத ஒரு பக்கம் இருந்தது. நேற்றுத்தான் சேர்த்தேன். வழிப்பாட்டு எப்படி வளர்ந்திருக்கும் என்பது அதில் வருகிறது. ஒருவர் வழியில் விழுகிறார். பின்னால் வருகிற பெண் அந்த இடத்துக்கு ஓர் அடி கட்டுகிறாள். அப்படி ஒவ்வொன்றாகத்தான் மன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் வந்திருக்க வேண்டும். இதைச் சரித்திரமும் சொல்லவில்லை, சங்கீதமும் சொல்லவில்லை. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தவளுக்குத்தான் தெரியும். உதாரணத்துக்கு ஒரு புது அடியும் வைத்திருக்கிறேன். இனிமேல் எங்கள் தோட்டத்திலிருந்து புறப்படுகிற எவனுக்கும் முதல் இடம் இதுதான்.

*வத்தேகமப் பாதையில மதகோரம் மண்மேடு,*
*மகனே, ஒங்க மாமன் அங்கே கம்பளியோட படுத்திருக்கான்,*
*கதவு தட்டிக் கண்ண மூடுனான்,*
*ஒரு கை தண்ணி ஊத்திட்டு ஓரமாப் போ சாமி.*

மெட்டுப் பிசகாமல் வந்திருக்கிறது. பெண்பிள்ளைக்கு வழி இல்லை என்றார்கள். அந்த வழியில் ஓர் இடத்தை வைத்ததே நான்தான்.

மேசையிலிருந்த கட்டுரையை எடுத்துக்கொண்டேன். அவர் தடுக்கவில்லை. நீட்டிய கை பாதியில் நின்றது, அவ்வளவுதான். மண்டபத்தில் கதிரைகளை இழுத்துப் போடும் சத்தம் வந்துகொண்டிருந்தது. லண்டன் பேராசிரியர் வந்திருக்க வேண்டும். சரித்திர விரிவுரையாளருக்கு முன் வரிசையில் இடம் வைக்கச் சொல்லி நளீரிடம் காலையிலேயே சொல்லிவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாசிக்க வேண்டும்.

கதவைத் திறந்து விறாந்தையில் நடந்தேன். வெளியே மழை பிடித்திருந்தது. பின்னாலிருந்து வீரசிங்கம் சேர், "யசோதா," என்று கூப்பிட்டார். இன்னொரு தடவையும் கூப்பிட்டார்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.